ஒரு ஞாயிற்றுக்கிழமையை ரம்பத்துக்குக் கொடுங்கள்

அன்புள்ள வீட்டுப் பட்டறை நண்பர்களுக்கு,

கார் ஷெட்டில் மேசை ரம்பத்தை நிறுத்திவிட்டுக் காரைத் தெருவில் விட்டவர்கள், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு மரம் அறுக்கிறவர்கள், வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு ஞாயிறு காலை மட்டும் பட்டறைக் கதவைத் திறக்கிறவர்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

இந்த ஒரு வருஷத்தில் உங்களில் நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "வெட்டு கருகுது. ஓரம் நேரா வரல. பிளைவுட்ல சிலாம்பு எழும்புது. இந்தச் சின்ன மெஷினைத் தள்ளிவிட்டுட்டு, வார்ப்பிரும்பு மேசை வச்ச பெருசா ஒண்ணு வாங்கிடலாமா?" வந்து பார்த்த இடத்திலெல்லாம் ரம்பத்தில் குறை இல்லை. பெட்டியிலிருந்து எடுத்து வைத்த நாள் முதல் அதை யாரும் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். அதனால் என் பதில், இப்போதைக்கு வாங்காதீர்கள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மரம் எதையும் அறுக்காமல் அந்த நாளை முழுதாக ரம்பத்துக்கே கொடுங்கள்.

நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது அலுமினிய மேசையும், 1800 வாட் அளவில் ஒரு மோட்டாரும், பத்து இஞ்ச் பிளேடும் உள்ள ரகம். அது சின்ன மெஷின் இல்லை. அலமாரி, கட்டில், சமையலறைக் கதவு, நாற்காலி எல்லாம் அதில் ஆகும். நானே செய்திருக்கிறேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், ஒயரை இழுத்துக் கண்ணில் படும் இடத்தில் மேசைமேல் போடுங்கள். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரே ஒரு பல்லில் மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள். மேசையில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தில் மைட்டர் கேஜை வைத்து, அதன் முகத்தில் ஒரு சின்னக் கட்டையை கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். கட்டையின் முனையில் ஒரு திருகாணி. அந்தப் புள்ளி வைத்த பல் பிளேடின் முன்பக்கம் நிற்கும்போது, திருகாணித் தலை பல்லை லேசாக உரசும்படி திருகுங்கள். கையால் பிளேடை முன்னும் பின்னும் அசைத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிக் கொண்டுபோய், மைட்டர் கேஜையும் பின்னால் தள்ளி, மறுபடி அசைத்துப் பாருங்கள். அதே 'டிக்' வந்தால் பிளேடும் பள்ளமும் ஒரே திசையில் ஓடுகின்றன. சத்தமே வராவிட்டால் பின்பக்கம் விலகியிருக்கிறது. திருகாணியில் பல் இடித்து நின்றால் பின்பக்கம் நெருங்கியிருக்கிறது.

ஒரே பல்லை வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. எந்தப் பிளேடிலும் கொஞ்சம் கோணல் இருக்கும். முன்னால் ஒரு பல், பின்னால் வேறு பல் என்று அளந்தால் பிளேடின் கோணலை மேசையின் கோணலாக எண்ணிவிடுவோம்.

எவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை? அளக்கக் கருவி தேடி அலைய வேண்டாம். ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. திருகாணிக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு தாள் நுழைந்து லேசாகப் பிடித்தால் அதுவே எல்லை. இரண்டு தாள் நுழைந்தால் மேசைக்கு அடியில் மோட்டாரைத் தாங்கும் போல்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, மறுபடி பாருங்கள். மூன்று முறை தட்டுவதற்குப் பதில் முப்பது முறைகூட ஆகலாம். என் மெஷினுக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. அந்த மதியத்துக்குப் பிறகு வெட்டின ஓரத்தைப் பார்த்தபோது, இத்தனை காலம் உப்புத்தாளோடு மல்லுக்கட்டிய நேரமெல்லாம் நினைவுக்கு வந்து மனசு வலித்தது.

அடுத்தது ஃபென்ஸ், பலகையைச் சாய்த்துத் தள்ளும் அந்த நீளத் தடுப்பு. அதைப் பூட்டிவிட்டு, பிளேடின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்கலாம், அல்லது பின்பக்கம் ஒரு தாள் கனம் விலகியிருக்கலாம். பின்பக்கம் பிளேடை நோக்கி நெருங்கியிருக்கவே கூடாது. அப்படி இருந்தால் பலகை போகப் போக இறுகும், கருகும், கடைசியில் எகிறும். கருகல் தடத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்: ஃபென்ஸ் பக்கத்து ஓரத்தில் மட்டும் கருகினால் ஃபென்ஸ் இறுக்குகிறது. இரண்டு ஓரமும் கருகினால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது பிசின் ஏறியிருக்கிறது, அல்லது நீங்கள் பயந்து பயந்து தள்ளுகிறீர்கள்.

பிளேடைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. மெஷினோடு வந்த பிளேடையே எல்லா வேலைக்கும் ஓட்டுவதுதான் நம் பட்டறைகளில் நான் காணும் பெரிய தவறு. மரத்தை நாரோட்டத்தின் நீளவாக்கில் கிழிக்க 24 பல் பிளேடு வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பெரிய குழியில்தான் தூள் தங்கி வெளியேறும். 60 பல் பிளேடில் அந்தக் குழி சின்னது. அதை வைத்து இரண்டு இஞ்ச் கனத் தேக்கைக் கிழித்தால் தூள் போக இடமில்லாமல் சூடேறி, மோட்டார் திணறும். "பவர் பத்தல" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதே 60 பல் பிளேடு பிளைவுட்டையும் குறுக்கு வெட்டையும் கண்ணாடி மாதிரி வெட்டித் தரும். இரண்டு பிளேடு வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு ஏற்ப மாற்றுங்கள். மாற்ற ஐந்து நிமிஷம் ஆகாது.

வாங்கும்போது நடுத்துளையின் அளவைப் பாருங்கள். 30 மி.மீ., 25.4 மி.மீ. என்று வேறு வேறாக வருகிறது. அதைவிட முக்கியமாக வெட்டின் அகலத்தைப் பாருங்கள். முழுக்கனப் பிளேடு 3.2 மி.மீ. தின்னும், அதாவது நம் ஆசாரிகள் கணக்கில் சரியாக ஒரு நூல். மெல்லிய பிளேடு 2.4 மி.மீ. அளவில் தின்னும், சிறிய மோட்டாருக்கு இதுதான் இதம். ஆனால் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃபின் கனம் பிளேடு வெட்டும் அகலத்தைவிடக் குறைவாகவும், பிளேடுத் தகட்டைவிட அதிகமாகவும் இருந்தாக வேண்டும். நைஃபின் மேலேயே அந்த எண் பொறித்திருக்கும். கடைக்குப் போகுமுன் குறித்துக்கொண்டு போங்கள்.

தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது. அதனால்தான் உளியும் இழைப்புளியும் தேக்கில் சீக்கிரம் மழுங்குகின்றன. கார்பைடு பல் அதைத் தாங்கும், அதுவும் ஒருநாள் மழுங்கத்தான் செய்யும். ஆனால் மழுங்கிவிட்டது என்று நாம் தூக்கிப்போடும் பிளேடுகளில் பாதிக்கு வேண்டியது ஒரு குளியல் மட்டுமே. எங்கள் குமரி மாவட்டத்தில் அயினியும் பலாவும் சரியாகக் காயாமல் பட்டறைக்கு வரும். அறுத்தால் பல்லெல்லாம் கறுப்புப் பிசின். துணி சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் பிளேடை அரைமணி ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, உடனே துடைத்து உலர்த்துங்கள். புதுப்பிளேடு வாங்கியது போல ஓடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஓரம் நேராக வராமல் போகலாம். அப்போது மரத்தைப் பாருங்கள். தக்கலைப் பக்கத்தில் ஒரு மூத்தாசாரி இருக்கிறார், எண்பதை நெருங்கிவிட்டார். நான் ரம்பம் வாங்கிய புதிதில் வளைந்த வேப்பம்பலகையை ஃபென்ஸில் சாய்த்து அறுத்து, அறுத்த துண்டும் வளைந்தே வந்ததைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். பலகையை ஒற்றைக் கண்ணால் நோக்கிவிட்டு, "மெஷினு என்ன செய்யும் தம்பி? நீ காட்டின ஓரத்தத்தான் அது திருப்பிக் காட்டும்" என்றார். பிறகு தன் இழைப்புளியை எடுத்து, ஒரு ஓரத்தை மட்டும் இழைத்துக் கொடுத்தார். பத்து நிமிஷ வேலை. வீட்டுக்கு வந்து அந்த ஓரத்தை ஃபென்ஸில் வைத்து அறுத்தேன், மறு ஓரம் நூல் பிடித்தது போல வந்தது.

ஒரு முகம் தட்டையாகவும், ஒரு ஓரம் நேராகவும் இல்லாத பலகையை ஃபென்ஸோடு வைத்து அறுக்காதீர்கள். இழைப்புளி பழகாதவர்கள், நேரான பிளைவுட் பட்டை ஒன்றில் பலகையைத் திருகாணியால் பிடித்து, பிளைவுட் ஓரத்தை ஃபென்ஸில் ஓடவிடலாம். மரத்துக்குள் அடைபட்ட இழுவிசை ஒன்று இருக்கிறது. அறுக்க அறுக்க அது அவிழும். வேம்பில் இதை நிறையப் பார்க்கலாம், பாதி அறுத்ததும் வெட்டின வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அதனால் வேண்டிய அளவைவிட அரை இஞ்ச் அதிகம் விட்டு அறுத்து, ஒரு வாரம் சாய்த்து வைத்து, பிறகு சரியான அளவுக்கு அறுங்கள். காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் பழைய பர்மாத் தேக்கை ஆசையோடு வாங்குகிறவர்கள், அறுக்குமுன் ஒரு காந்தத்தை மரம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒடிந்து நிற்கும் ஒரு ஆணி பிளேடையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

இனி சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

பத்து இஞ்ச் பிளேடு நிமிஷத்துக்கு 3650 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 175 கி.மீ. முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. பலகை கொஞ்சம் திரும்பியோ இறுகியோ அந்தப் பின்பற்களில் பட்டால், அவை பலகையைத் தூக்கி நம்மை நோக்கி எறியும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பள்ளம் எடுப்பதற்காக ரைவிங் நைஃபைக் கழற்றினேன், வேலை முடிந்தும் திரும்ப மாட்டவில்லை. அன்று சாயங்காலம் ஒரு அடிக்கு ஒரு அடி பிளைவுட் துண்டை ஃபென்ஸில் வைத்துத் தள்ளினேன். சதுரத் துண்டுக்கு ஃபென்ஸில் பிடிமானம் இல்லை, கடைசி நொடியில் அது திரும்பியது. சத்தம் கேட்டதற்கு முன்பே வயிற்றின் இடப்பக்கம் அடி விழுந்திருந்தது. மூச்சு வாங்க முடியாமல் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு வாரம் கன்றிப்போய்க் கிடந்தது. கொஞ்சம் மேலே பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தத் துண்டை நான் எறியவில்லை, பட்டறைச் சுவரில் ஆணியடித்து வைத்திருக்கிறேன். அதன் முகத்தில் பிளேடு வரைந்த வில் போன்ற கீறல் அப்படியே இருக்கிறது.

ரைவிங் நைஃப் என்பது பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கும் ஒரு தகடு, மீன் செட்டை மாதிரி பின்னால் நிற்கும். வெட்டின வாய் மூடாமலும், பலகை பின்பற்களில் சாயாமலும் அதுதான் காக்கிறது. அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் யோசித்து உருவாக்கிய சாஸ்டாப் ரம்பம், தோல் பட்ட உடனே 5 மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்திவிடும். நம் பட்டறைகளில் அது அநேகமாக இல்லை. நமக்கு இருப்பது இந்தத் தகடும், மூடியும், தள்ளுகட்டையும்தான். பிளேடு மரத்துக்கு மேல் ஐந்து மி.மீ. அளவுக்கு மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். பிளேடுக்கு நேர்க்கோட்டில் நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் கை நுழையும் நிலை வந்தால் தள்ளுகட்டை இல்லாமல் தொடாதீர்கள். கையுறை வேண்டாம், பல்லில் சிக்கினால் கையையே உள்ளே இழுக்கும். சாரம் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு பட்டறையில் நிற்பதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்பிள் வெட்டும் நாலு இஞ்ச் கட்டரைத் தலைகீழாகப் பிளைவுட்டில் மாட்டி, ஸ்விட்சைக் கயிற்றால் கட்டி, மேசை ரம்பமாக ஓட்டுகிறோமே, அது வேண்டாம். நிமிஷத்துக்கு 12,000 சுற்று ஓடும் அந்தக் கருவிக்கு ரைவிங் நைஃப் கிடையாது, கட்டிவிட்ட ஸ்விட்சை அவசரத்துக்கு அணைக்கவும் முடியாது. காசு சேரும்வரை கைரம்பத்தில் அறுங்கள். மெதுவாக வேலை நடந்தாலும் விரல் பத்தும் இருக்கும்.

கரண்ட் விஷயமும் இதோடு ஒட்டியது. 1800 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8 ஆம்பியர். சுவரிலுள்ள சின்ன பிளக் பாயிண்ட் அதற்கானது அல்ல, 15 ஆம்ப்ஸ் பாயிண்ட்டிலிருந்து எடுங்கள். நீட்டு ஒயர் போட வேண்டியிருந்தால் 2.5 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முதலில் ஸ்விட்சை அணைக்க வேண்டும். கரண்ட் வந்தாலும் தானாக ஓடாத ஸ்விட்ச் சில மெஷின்களில் உண்டு. உங்களுடையது அப்படியா என்று இந்த ஞாயிறே சோதியுங்கள்.

இனிச் சந்தோஷமான பகுதி. ரம்பத்தோடு வரும் மைட்டர் கேஜ் பெரும்பாலும் ஆடும். அதற்குப் பதிலாக ஒரு ஸ்லெட் செய்யுங்கள். 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு தட்டு, அதற்கடியில் மேசைப் பள்ளங்களில் ஓடும் இரண்டு பட்டைகள், முன்னும் பின்னும் இரண்டு தடுப்புச் சட்டங்கள். பட்டையை மரத்தில் செய்தால் எங்களூர் மழைக்கு ஐப்பசியில் இறுகும், பங்குனியில் ஆடும். சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்றை வாங்கி, பள்ளத்தின் அளவுக்குப் பட்டையாக அறுத்துப் போடுங்கள். அது ஈரத்தில் உப்பாது, வழுக்கிக்கொண்டும் ஓடும். பிளேடு வெளியே வரும் இடத்தில், பின்சட்டத்தை, அதாவது நம் பக்கம் இருக்கும் சட்டத்தை, ஒட்டி ஒரு தடித்த கட்டையைப் பதித்துவிடுங்கள், கட்டைவிரல் அங்கே போகாமல் அது காக்கும்.

பின்சட்டம் பிளேடுக்குச் சரியாக 90 பாகையில் நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. ஐந்து வெட்டு முறை ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடிக்குச் சற்று அதிகமான சதுரத்தில் ஒரு பிளைவுட் எடுத்து, ஒரு பக்கத்தை வெட்டுங்கள். வெட்டின பக்கத்தைச் சட்டத்தோடு சேர்த்துத் திருப்பி அடுத்த பக்கம், அப்படியே நாலு பக்கமும். ஐந்தாவதாக, முதலில் வெட்டின பக்கத்திலேயே ஒரு இஞ்சுக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் ஒரு பட்டையை வெட்டியெடுங்கள். பட்டையின் இரு முனை அகலத்தையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். எனக்கு முதல் தடவை வந்தது ஒரு முனை 21.4, மறுமுனை 20.6. வித்தியாசம் 0.8 மி.மீ. ஒவ்வொரு திருப்பலிலும் பிழை சேர்ந்துகொண்டே வந்ததால் நாலால் வகுக்க வேண்டும். அப்போது 0.2 மி.மீ. 500 மி.மீ. நீளத்தில் அவ்வளவுதான் உண்மையான பிழை. மூலைமட்டம் இதைக் காட்டவே காட்டாது. நாலு மடங்கு பெருக்கிக் காட்டும் இந்தப் பட்டை காட்டிவிடும்.

சட்டத்தின் ஒரு முனைத் திருகாணியை அச்சாக வைத்துக்கொண்டு மறுமுனையை நகர்த்த வேண்டும். என் சட்டத்தில் இரண்டுக்கும் நடுவில் 600 மி.மீ. இருந்தது. 500-க்கு 0.2 என்றால் 600-க்கு 0.24. பைக் மெக்கானிக் டேப்பெட் வைக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் இருக்கிறதே, ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும், அதில் 0.25 தகட்டை எடுத்தேன். சட்டத்துக்குப் பின்னால் ஒரு கட்டையை கிளாம்ப் போட்டு, நடுவில் தகட்டைச் செருகி, அந்த அளவுக்குச் சட்டத்தை நகர்த்தி முடுக்கினேன். எந்தப் பக்கம் நகர்த்துவது என்று முதல் தடவை எல்லாருமே குழம்புவோம், தப்பான பக்கம் போனால் அடுத்த பட்டையில் வித்தியாசம் இரட்டிப்பாகி அதுவே சொல்லிவிடும். மூன்றாவது பட்டையில் வித்தியாசம் 0.1-க்குள் வந்தது. அன்று செய்த படச்சட்டத்தின் நாலு மூலையும் கிளாம்ப் போடும் முன்பே ஒளி புகாமல் சேர்ந்தன. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன், சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

முழுப் பிளைவுட் ஷீட்டை, எட்டுக்கு நாலடி முக்கால் இஞ்சை, நம் மேசைமேல் ஏற்றாதீர்கள். சுமார் முப்பத்தைந்து கிலோ கனம், ஒரு ஆள் தாங்கித் தள்ளவே முடியாது. தரையில் தெர்மாகோல் விரித்து, அதன்மேல் ஷீட்டைப் போட்டு, கைச் சர்க்குலர் ரம்பத்தால் கொஞ்சம் பெரிதாகவே துண்டாக்கிவிட்டு, பிறகு மேசை ரம்பத்தில் அளவு பிடியுங்கள். சிலாம்பு எழும்பாமலிருக்க 60 பல் பிளேடும், பிளேடுக்கு இருபுறமும் இடைவெளியே இல்லாத தட்டும் வேண்டும். ஸ்லெட்டின் அடித்தட்டே அந்த வேலையைச் செய்துவிடும். மேசையின் வெளிப்பக்கத்தில், மேசை மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும்படி ஒரு தாங்குமேசை போடுங்கள். அறுத்து முடிந்த பலகை கீழே சரியாது, அதைப் பிடிக்க நாமும் பிளேடுமேல் சாய மாட்டோம்.

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது. வாக்யூம் இல்லாவிட்டாலும் என்95 முகக்கவசமும் காதடைப்பும் இல்லாமல் ஸ்விட்சைத் தொட வேண்டாம். பட்டறையில் விளையாட வரும் குழந்தைகளையும் அந்த நேரத்தில் வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக மேசைக்கு மெழுகு. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அது மரத்தில் ஏறினால் பிறகு பாலிஷ் ஒட்டாது. மெழுகைத் துணியில் எடுத்து மெல்லியதாகத் தேய்த்து, காய்ந்ததும் துடைத்தால் பலகை விரல் நுனித் தள்ளலுக்கே ஓடும். கடற்கரைப் பக்கம் வார்ப்பிரும்பு மேசை வைத்திருப்பவர்கள் இதை மாதம் ஒருமுறை செய்ய வேண்டும்.

ஐந்தாவது வெட்டில் கிடைக்கும் பட்டையை எறிந்துவிடாதீர்கள். என்னிடம் பதினோரு பட்டைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் தேதியும் இரு முனை அளவும் பென்சிலால் எழுதியிருக்கிறேன், அந்தப் பழைய பிளைவுட் துண்டுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. போன ஐப்பசி மழைக்குப் பிறகு வெட்டியதில் வித்தியாசம் 0.3 வந்தது, மறுபடி ஃபீலர் கேஜை எடுக்க வேண்டியிருந்தது. உங்கள் முதல் பட்டையில் என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். சட்டத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று குழப்பமிருந்தால் பட்டையின் படத்தையும், எந்த முனை உங்கள் பக்கம் இருந்தது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
நாகர்கோவில்